இணைப்பு அட்டவணைகள்: பழுதறிதலும் சரிசெய்தலும்

இணைப்பு அட்டவணை என்பது மேசைக்கணினித் தரவுத்தள மென்பொருள் ஒன்றில் அதன் சொந்த அட்டவணை போலவே தெரிந்தாலும், தன் தரவை வேறொரு கணினியில் இயங்கும் தரவுத்தள வழங்கியில் வைத்திருக்கும் அட்டவணை ஆகும். மைக்ரோசாஃப்ட் அக்செஸ் கோப்பில் படிவங்களும் அறிக்கைகளும் இருக்க, எஸ்.கியூ.எல். சர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ்கியூஎல் போன்ற வழங்கி ஒன்றில் தரவு இருப்பது இதன் வழக்கமான அமைப்பு. இரண்டுக்கும் நடுவே ஓ.டி.பி.சி. எனப்படும் இடைமுகம் நின்று பேசுகிறது. அக்செஸ், ஓ.டி.பி.சி. ஆகிய இரண்டும் 1992இல் வெளிவந்தவை.

இந்த அமைப்பில் எழும் பழுதுகள் பார்வைக்குத் தரவு அழிந்துவிட்டது போலத் தோன்றுவதுண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் தரவு வழங்கியில் பத்திரமாகவே இருக்கும். வழங்கியில் உள்ள அட்டவணையும், அதைப் பற்றி அக்செஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதே பல பழுதுகளின் வேர். இக்கட்டுரை அப்பழுதுகளின் அறிகுறிகளையும் காரணங்களையும் சரிசெய்யும் முறைகளையும் விளக்குகிறது.

எடுத்துக்காட்டுக்கான பின்னணி: வடசென்னையின் கன்டெய்னர் பணி

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் செயல்படத் தொடங்கியது. வடக்கே எண்ணூர் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டு, 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பகுதிகள் சரக்குக் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் லாரி நிறுத்தங்களும் நிறைந்தவை. கப்பலிலிருந்து இறங்கும் இறக்குமதி கன்டெய்னர்கள் பல, சி.எஃப்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கன்டெய்னர் சரக்கு நிலையங்களுக்கு லாரியில் கொண்டுவரப்படுகின்றன. சுங்க நடைமுறை முடிந்த பின் சரக்கு உரியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

இப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அதன் எண், சீல் எண், உள்ளே வந்த தேதியும் நேரமும், லாரி எண், எடை, கட்டணம், வெளியேறும் சீட்டு ஆகியவை பதியப்பட வேண்டும். தொடக்கத்தில் ஒரே கணினியில் ஓர் அக்செஸ் கோப்பு போதுமானதாக இருக்கும். பின்னர் வாயிற்பகுதியில் ஒருவர், கணக்குப் பிரிவில் இருவர், கிடங்கில் ஒருவர் என்று பயனர்கள் கூடும்போது கோப்பு தடுமாறத் தொடங்குகிறது. அக்செஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜி.பி. மட்டுமே. எனவே அட்டவணைகளை வழங்கிக்கு மாற்றி, பழைய படிவங்களை அப்படியே வைத்துக்கொண்டு, இணைப்பு அட்டவணைகளின் வழியே வேலையைத் தொடர்வது சிக்கனமான வழியாகிறது. இந்த மாற்றத்துக்கு உதவ, எஸ்.கியூ.எல். சர்வர் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்குகிறது. பழுதுகளும் பெரும்பாலும் இந்த மாற்றத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் தலைகாட்டுகின்றன.

செயல்படும் முறை

பழுதைப் புரிந்துகொள்ள, அக்செஸ் இணைப்பு அட்டவணையை எப்படிக் கையாளுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

அட்டவணை இணைக்கப்படும் நேரத்தில், வழங்கியில் உள்ள புலங்களின் பெயர்கள், தரவு வகைகள், முதன்மைத் திறவுகோல், இன்டெக்ஸ்கள் ஆகியவற்றை அக்செஸ் படித்துத் தன் கோப்புக்குள் குறித்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு வழங்கியில் என்ன மாற்றம் செய்தாலும் இந்தக் குறிப்பு தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. வழங்கியில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்தும் படிவத்தில் அது தெரியாமலிருப்பதற்குக் காரணம் இதுவே. இணைப்பு அட்டவணை மேலாளர் வழியே இணைப்பைப் புதுப்பித்தால் புதிய புலம் தென்படும்.

திருத்தக்கூடிய முறையில் அட்டவணையைத் திறக்கும்போது அக்செஸ் முழுப் பதிவுகளையும் உடனே எடுத்து வருவதில்லை. முதலில் திறவுகோல் மதிப்புகளை மட்டும் பெறுகிறது. பிறகு திரையில் தேவைப்படும் பதிவுகளை, அந்தத் திறவுகோல்களைச் சொல்லிச் சிறு தொகுதிகளாக வழங்கியிடம் கேட்டு வாங்குகிறது. ஆகவே திறவுகோலை அக்செஸ் ஒரு விதமாகவும் வழங்கி வேறு விதமாகவும் புரிந்துகொண்டால், பதிவு இருந்தும் கிடைக்காமல் போகும்.

திருத்திய பதிவைச் சேமிக்கும்போது, தான் முன்பு படித்த மதிப்புகள் வழங்கியில் இன்னும் அப்படியே உள்ளனவா என்று அக்செஸ் ஒப்பிடுகிறது. மாறியிருந்தால், இடையில் வேறொருவர் திருத்திவிட்டார் என்று முடிவு செய்கிறது. கீழே வரும் பல பழுதுகள் இந்த இரண்டு வழக்கங்களிலிருந்தே பிறக்கின்றன.

முதற்கட்டச் சோதனை

அக்செஸ் கோப்பு, ஓ.டி.பி.சி. இயக்கி, வலையமைப்பு, வழங்கி என்று நான்கு அடுக்குகள் உள்ளன. எந்த அடுக்கில் பழுது என்று அறியாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பது சிக்கலைக் கூட்டும். கீழிருந்து மேலாகச் சோதிப்பது எளிது.

1. வழங்கிக் கணினியிலேயே அமர்ந்து, வழங்கியின் நிர்வாக மென்பொருள் வழியே அந்த அட்டவணையைத் திறந்து பார்க்க வேண்டும். பதிவுகள் அங்கே இருந்தால் தரவு அழியவில்லை என்பது உறுதி.
2. பழுதுள்ள கணினியிலிருந்து வழங்கிக் கணினியை வலையமைப்பு வழியே அடைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.
3. அதே கணினியில் விண்டோஸின் ஓ.டி.பி.சி. நிர்வாகியைத் திறந்து, தரவு மூலத்தின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.
4. புதிய வெற்று அக்செஸ் கோப்பு ஒன்றை உருவாக்கி, அந்த ஓர் அட்டவணையை மட்டும் புதிதாக இணைத்துப் பார்க்க வேண்டும். அதில் சரியாக வந்தால், பழைய கோப்பில் உள்ள குறிப்பே பழுதுக்குக் காரணம்.

பழுது ஒரு கணினியில் மட்டும் உள்ளதா, எல்லாவற்றிலும் உள்ளதா என்ற கேள்வியும் உதவும். ஒன்றில் மட்டும் என்றால் இயக்கியையோ கோப்பையோ ஐயுறலாம். எல்லாவற்றிலும் என்றால் வழங்கியையோ வலையமைப்பையோ பார்க்க வேண்டும்.

இணைப்பே கிடைக்காத நிலை

இணைப்பு தோல்வியுற்றது என்ற செய்தி 3151 என்ற எண்ணுடன் வரும். 3146 என்ற எண் ஓ.டி.பி.சி. அழைப்பு தோல்வியுற்றதைக் குறிக்கும். இது பொதுவான செய்தி. உண்மையான காரணம் அதனைத் தொடர்ந்து அடைப்புக்குறிக்குள் வழங்கி தரும் வரிகளில் இருக்கும். செய்திப் பெட்டியை அவசரமாக மூடாமல் முழுவதையும் படம்பிடித்து வைப்பது நல்லது.

எஸ்.கியூ.எல். சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸை நிறுவும்போது, டி.சி.பி./ஐ.பி. வழி இணைப்பு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அதனால் வழங்கிக் கணினியில் வேலை செய்யும் இணைப்பு அடுத்த மேசையிலிருந்து வேலை செய்யாது. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, வழங்கிச் சேவையை மீண்டும் தொடங்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபயர்வால். எஸ்.கியூ.எல். சர்வரின் இயல்பான போர்ட் எண் 1433. மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரஸ்கியூஎல்லுக்கு 5432. எக்ஸ்பிரஸ் போலத் தனிப்பெயருடன் நிறுவப்பட்ட எஸ்.கியூ.எல். சர்வர், தொடங்கும்போது போர்ட் எண்ணைத் தானே தேர்ந்துகொள்ளும். அதைப் பிற கணினிகள் அறிய பிரவுசர் என்ற துணைச்சேவை ஓட வேண்டும், யூ.டி.பி. 1434 திறந்திருக்க வேண்டும். இல்லையேல் போர்ட் எண்ணை நிலையாக அமைத்து, இணைப்பில் நேரடியாகக் குறிப்பிடலாம்.

எஸ்.கியூ.எல். சர்வருக்கான ஓ.டி.பி.சி. இயக்கியின் 18ஆம் பதிப்பு, மறையாக்கத்தை இயல்பாகவே கட்டாயமாக்கியது. 17ஆம் பதிப்பில் ஓடிய இணைப்பு, இயக்கியை மேம்படுத்திய அன்றே சான்றிதழ் நம்பகமற்றது என்று கூறி நின்றுபோவது இதனால்தான். வழங்கியில் முறையான சான்றிதழை நிறுவுவதே சரியான தீர்வு. சான்றிதழைச் சோதிக்காமல் நம்பும் அமைப்பை அலுவலக உள்வலைக்குள் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம்.

கடவுச்சொல்லைத் திருத்திய பிறகும் பழைய பிழையே வந்தால், அக்செஸை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். ஒருமுறை ஏற்படுத்திய இணைப்பை அக்செஸ் நினைவில் வைத்துக்கொள்வதே காரணம்.

32 பிட், 64 பிட் குழப்பம்

தரவு மூலத்தின் பெயர் கிடைக்கவில்லை என்றோ, இயக்கியும் செயலியும் வெவ்வேறு கட்டமைப்பைச் சேர்ந்தவை என்றோ வரும் செய்திகள் பிட் வேறுபாட்டைக் காட்டுகின்றன. 32 பிட் அக்செஸ் 32 பிட் இயக்கியையும், 64 பிட் அக்செஸ் 64 பிட் இயக்கியையும் மட்டுமே பயன்படுத்தும். விண்டோஸின் பிட் அளவு இங்கே கணக்கில் வராது.

64 பிட் விண்டோஸில் இரண்டு ஓ.டி.பி.சி. நிர்வாகிகள் உள்ளன. 64 பிட் நிர்வாகி சிஸ்டம்32 என்ற கோப்புறையிலும், 32 பிட் நிர்வாகி சிஸ்வாவ்64 என்ற கோப்புறையிலும் இருக்கின்றன. பெயர்கள் தலைகீழாக இருப்பதால் பலர் தவறான நிர்வாகியில் தரவு மூலத்தை உருவாக்கிவிடுகின்றனர். பல கணினிகள் உள்ள அலுவலகத்தில், தரவு மூலத்தைத் தனித்தனியே உருவாக்குவதற்குப் பதில், வழங்கியின் பெயரும் இயக்கியின் பெயரும் கொண்ட முழு இணைப்புச் சரத்தை அக்செஸ் கோப்பிலேயே வைக்கலாம். அப்போது கோப்பை நகலெடுத்தாலே போதும். ஆயினும் அந்த இயக்கி ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

பதிவுகளைத் திருத்த முடியாத நிலை

அட்டவணை திறக்கிறது, பதிவுகள் தெரிகின்றன, ஆனால் எதையும் சேர்க்கவோ மாற்றவோ முடியவில்லை என்றால் முதலில் ஐயுற வேண்டியது திறவுகோலை. வழங்கியில் முதன்மைத் திறவுகோலோ தனித்தன்மையுள்ள இன்டெக்ஸோ இல்லாத அட்டவணையை அக்செஸ் படிக்க மட்டுமே அனுமதிக்கும். வியூ ஒன்றை இணைக்கும்போது, எந்தப் புலம் பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் என்று அக்செஸ் கேட்கும். அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டால் வியூவும் திருத்த முடியாததாகிவிடும். தவறான புலத்தைத் தேர்ந்தெடுப்பது அதைவிட ஆபத்தானது. ஒரே பதிவு பலமுறை திரும்பத் திரும்பத் தோன்றும்.

எந்தப் புலம் திறவுகோலாகத் தகும் என்பதில் கன்டெய்னர் எண் நல்ல பாடம். ஐ.எஸ்.ஓ. 6346 தரத்தின்படி இவ்வெண் 11 இடங்கள் கொண்டது. உரிமையாளரைக் குறிக்கும் 3 எழுத்துகள், வகையைக் குறிக்கும் 1 எழுத்து, 6 இலக்க வரிசை எண், தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க உதவும் 1 சரிபார்ப்பு இலக்கம் என்பது அதன் அமைப்பு. உலகில் ஒரு கன்டெய்னருக்கு ஒரே எண்தான். ஆயினும் வருகைப் பதிவேட்டுக்கு இது திறவுகோலாகாது. சில மாதங்களில் அதே பெட்டி வேறு சரக்குடன் மீண்டும் வரலாம். எனவே ஒவ்வொரு வருகைக்கும் வழங்கி தானே தரும் தொடர் எண்ணைத் திறவுகோலாக வைத்து, கன்டெய்னர் எண்ணைத் தேடுவதற்குரிய இன்டெக்ஸாக அமைப்பதே பொருத்தம்.

திறவுகோல் சரியாக இருந்தும் திருத்த முடியவில்லை எனில், வழங்கியில் அப்பயனருக்குத் திருத்தும் உரிமை தரப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாப் புலங்களிலும் ‘டிலீட்டட்’ எனத் தோன்றுதல்

பயனரை மிகவும் அச்சுறுத்தும் அறிகுறி இது. அட்டவணையைத் திறந்ததும் எல்லாப் பதிவுகளிலும் # குறியுடன் ‘டிலீட்டட்’ என்ற சொல் நிறைந்திருக்கும். தரவு அழிந்துவிட்டதாக எண்ணி, காகிதப் பதிவேட்டைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்யத் தொடங்கினால், வழங்கியில் ஒவ்வொரு கன்டெய்னரும் இரண்டு முறை பதிவாகிவிடும். பிறகு எந்தப் பதிவுக்குக் கட்டணம் செலுத்தப்பட்டது, எதற்கு வெளியேறும் சீட்டு தரப்பட்டது என்று பிரிப்பது பெரும்பாடு. எனவே இச்சொல்லைக் கண்டதும் தட்டச்சு செய்வதை நிறுத்தி, முதற்கட்டச் சோதனையின் முதல் படியைச் செய்ய வேண்டும்.

அக்செஸிடம் உள்ள திறவுகோல் மதிப்பை வழங்கியிடம் சொன்னபோது பொருந்தும் பதிவு கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். பதிவு உண்மையிலேயே அழிக்கப்பட்டிருந்தாலும் இச்சொல் வரும். ஆனால் எல்லாப் பதிவுகளிலும் ஒரே நேரத்தில் வந்தால் பின்வரும் காரணங்களைப் பார்க்க வேண்டும்.

1. திறவுகோல் பிக்இன்ட் வகையில் இருப்பது. அக்செஸின் பழைய பதிப்புகள் இந்தப் பெரிய முழு எண்ணை அறியா. புதிய பதிப்புகளில் பிக்இன்ட் ஆதரவை அமைப்புகளில் இயக்கி, அட்டவணையை மீண்டும் இணைக்க வேண்டும். அவ்வாறு இயக்கிய கோப்பைப் பழைய பதிப்புகளில் திறக்க முடியாது. பதிவுகள் சில கோடிகளைத் தாண்டாத அலுவலகத்துக்குச் சாதாரண இன்ட் வகையே போதும்.
2. திறவுகோல் பதின்மப் புள்ளியுள்ள ஃபுளோட் வகையிலோ, நொடியின் நுண்பகுதி கொண்ட தேதி வகையிலோ இருப்பது. இரு பக்கமும் வெவ்வேறு துல்லியத்தில் முழுமையாக்குவதால் மதிப்புகள் பொருந்தா.
3. திறவுகோல் நிலையான நீளமுள்ள எழுத்து வகையில் இருப்பது. 11 இட எண்ணை 15 இடப் புலத்தில் வைத்தால் வழங்கி மீதி 4 இடங்களை வெற்றிடத்தால் நிரப்பும். சில இயக்கிகளில் இந்த வெற்றிடம் ஒப்பீட்டைக் கெடுக்கும்.
4. மைஎஸ்கியூஎல் எனில், இயக்கியின் அமைப்பில் பொருந்திய பதிவுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும் தெரிவு இயக்கப்படாதிருப்பது.

புதிய பதிவைச் சேமித்ததும் வேறு பதிவு தோன்றுதல்

இது அரிதானது, ஆனால் ஆபத்து மிகுந்தது. எஸ்.கியூ.எல். சர்வரில் புதிய பதிவைச் சேர்த்ததும், வழங்கி கடைசியாக வழங்கிய தொடர் எண்ணைக் கேட்டு அக்செஸ் அப்பதிவைத் திரும்பப் படிக்கிறது. யார் எப்போது பதிந்தார் என்பதைத் தனி அட்டவணையில் குறிக்கும் ட்ரிக்கர் ஒன்று வழங்கியில் இருந்து, அந்தத் தணிக்கை அட்டவணைக்கும் சொந்தத் தொடர் எண் இருந்தால், அக்செஸுக்குக் கிடைப்பது தணிக்கை அட்டவணையின் எண். அதே எண்ணுள்ள பழைய வருகைப் பதிவைத் திரை காட்டும். பயனர் கவனிக்காமல் வெளியேறும் சீட்டை அச்சிட்டால், அது வேறொரு கன்டெய்னருக்குரிய சீட்டாகிவிடும்.

தணிக்கை அட்டவணையிலிருந்து தொடர் எண் புலத்தை நீக்கி வேறு வகைத் திறவுகோல் வைப்பது, அல்லது புதிய பதிவைச் சேர்க்கும் வேலையை வழங்கியிலுள்ள செயல்முறை ஒன்றிடம் ஒப்படைப்பது தீர்வாகும்.

நிரல் வழியே பதிவுகளைத் திறக்கும்போது 3622 என்ற பிழை வந்தால், அதற்கும் தொடர் எண் புலமே காரணம். பதிவுத்தொகுதியைத் திறக்கும் கட்டளையில் டி.பி. சீ சேஞ்சஸ் என்ற தெரிவைச் சேர்த்தால் சரியாகும்.

எழுதுவதில் முரண்பாடு

அலுவலகத்தில் ஒருவர் மட்டுமே வேலை செய்யும் நேரத்திலும், இப்பதிவை வேறொரு பயனர் மாற்றிவிட்டார் என்ற செய்தி வருவதுண்டு. தான் படித்த பழைய மதிப்புகளையும் வழங்கியில் உள்ளவற்றையும் அக்செஸ் ஒப்பிடும்போது, உண்மையில் மாறாத ஒன்று மாறியதாகத் தெரிவதே காரணம்.

முதல் காரணம் பிட் புலம். அக்செஸின் ஆம்/இல்லை வகைக்கு இரண்டே மதிப்புகள். வழங்கியின் பிட் புலமோ வெறுமையாகவும் இருக்கலாம். ‘சுங்க அனுமதி பெற்றதா’ என்ற புலம் வழங்கியில் வெறுமையாக இருந்தால், அக்செஸ் அதை இல்லை என்று படிக்கும். சேமிக்கும்போது இரண்டும் பொருந்தா. அப்புலங்களில் வெறுமையாக உள்ளவற்றுக்கு 0 இட்டு, இயல்பு மதிப்பையும் 0 என வைத்து, வெறுமையை ஏற்காதவாறு அமைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஃபுளோட் புலங்கள். எடை, கட்டணம் போன்றவற்றை டெசிமல் வகைக்கு மாற்றுவது நல்லது. பணத்துக்கு ஃபுளோட் எப்போதும் பொருந்தாது.

இரண்டுக்கும் பொதுவான தீர்வும் உண்டு. எஸ்.கியூ.எல். சர்வர் அட்டவணையில் ரோவர்ஷன் வகைப் புலம் ஒன்றைச் சேர்த்தால், பதிவு மாறும் ஒவ்வொரு முறையும் அதன் மதிப்பை வழங்கியே மாற்றிவிடும். அக்செஸ் எல்லாப் புலங்களையும் ஒப்பிடாமல் அந்த ஒன்றை மட்டும் பார்க்கும். சேர்த்த பின் இணைப்பைப் புதுப்பிக்க மறக்கக் கூடாது.

தேதி

அக்செஸ் கி.பி. 100ஆம் ஆண்டு முதலான தேதிகளை ஏற்கும். எஸ்.கியூ.எல். சர்வரின் பழைய தேதி வகை 1753ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகிறது. 2018 என்பதற்குப் பதில் 0218 என்று தட்டச்சாகியிருந்த பழைய பதிவு, அக்செஸில் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு, வழங்கிக்கு மாற்றும் நாளில் பிழை தரும். மாற்றத்துக்கு முன்பே இத்தகைய தேதிகளைத் தேடித் திருத்த வேண்டும்.

இந்தியாவில் நாள்/மாதம்/ஆண்டு என எழுதுவது வழக்கம். அக்செஸின் வினவல் மொழியில் # குறிகளுக்கு இடையே எழுதப்படும் தேதி, மாதம்/நாள்/ஆண்டு என்றே படிக்கப்படும். 04/05/2024 என்பது மே 4 அல்ல, ஏப்ரல் 5 ஆகிவிடும். 25/05/2024 என்று எழுதினாலோ, 25ஆம் மாதம் இல்லாததால் அக்செஸ் அதைச் சரியாகவே மே 25 எனக் கொள்ளும். அதாவது, மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் தவறும் இப்பிழையை மற்ற நாட்களில் சோதித்தால் கண்டுபிடிக்க முடியாது. கன்டெய்னர் எத்தனை நாள் கட்டணமின்றி இருக்கலாம் என்று கணக்கிடும் இடத்தில் இப்பிழை நேரடியாகப் பணத்தைப் பாதிக்கும். நிரலில் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், 2024-05-04 என எழுதினால் இரு பக்கமும் ஒரே பொருள் கொள்ளும்.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறுதல்

ஓட்டுநரின் பெயரையோ முகவரியையோ தமிழில் பதிந்து சேமித்ததும் அவ்விடத்தில் கேள்விக்குறிகள் தெரிந்தால், வழங்கியின் புலம் ஒருங்குறியை ஏற்காத வகையில் உள்ளது என்று பொருள். எஸ்.கியூ.எல். சர்வரில் வார்சார் வகைக்குப் பதில் என்வார்சார் வகை வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் யூ.டி.எஃப்.8 குறியாக்கம் வேண்டும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ்கியூஎல் இரண்டுக்கும் யூனிகோட் இயக்கி, ஆன்சி இயக்கி என்று தனித்தனியே உள்ளன. தமிழுக்கு யூனிகோட் இயக்கியையே தேர்ந்தெடுக்க வேண்டும். இப்பழுதில் மட்டும் தரவு உண்மையாகவே இழக்கப்படுகிறது. கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட எழுத்தை மீட்க வழியில்லை. புல வகையை மாற்றிய பின் மீண்டும் தட்டச்சு செய்யவே வேண்டும்.

புலத்தின் நீளத்தையும் தாராளமாக வைக்க வேண்டும். ‘திருவொற்றியூர்’ என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 7. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பெறுவதால், அதற்கு 14 இடங்கள் தேவை. 10 இடப் புலத்தில் அது அடங்காது.

மந்தமாக இயங்குதல்

சில நூறு பதிவுகளில் விரைவாக ஓடிய படிவம், சில இலட்சம் பதிவுகளில் திணறுவது இயல்பு. பெரும்பாலும் வழங்கி செய்ய வேண்டிய தெரிவு வேலை மேசைக்கணினியில் நடப்பதே காரணம். வழங்கிக்குப் புரியாத அக்செஸ் செயற்கூறு ஒன்றை வினவலின் நிபந்தனையில் பயன்படுத்தினால், அக்செஸ் முழு அட்டவணையையும் வலையமைப்பு வழியே இழுத்துவந்து தானே சல்லடை போடும். அக்செஸ் கோப்பில் உள்ள அட்டவணையையும் வழங்கியில் உள்ள அட்டவணையையும் ஒரே வினவலில் சேர்த்தாலும் இது நேரலாம். ஓ.டி.பி.சி. வினவலுக்கு இயல்பான காலவரம்பு 60 நொடிகள். அதைத் தாண்டினால் பிழைச்செய்தி வரும்.

- படிவம் திறக்கும்போதே எல்லாப் பதிவுகளையும் காட்டாமல், கன்டெய்னர் எண்ணையோ தேதியையோ கேட்டு அதற்குரியவற்றை மட்டும் எடுக்க வேண்டும்.
- தேடப்படும் புலங்களுக்கு வழங்கியில் இன்டெக்ஸ் அமைக்க வேண்டும்.
- பெரிய அறிக்கைகளுக்கு வியூவையோ, வழங்கியின் மொழியிலேயே எழுதி அப்படியே அனுப்பப்படும் பாஸ்-த்ரூ வினவலையோ பயன்படுத்தலாம். பாஸ்-த்ரூ வினவலின் விடையைத் திருத்த முடியாது.
- காலவரம்பை நீட்டுவதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

வலையமைப்பும் மின்தடையும்

ஒவ்வொரு பயனரும் அக்செஸ் கோப்பின் சொந்த நகலைத் தம் கணினியிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரே கோப்பைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்து எல்லோரும் திறந்தால் கோப்பு பழுதாகும் வாய்ப்பு கூடுகிறது. இரும்புப் பெட்டிகள் அடுக்கிய திடலில் கம்பியில்லா இணைப்பு அடிக்கடி அறுபடும். இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் அக்செஸை மூடித் திறக்க வேண்டிவரலாம். ஆகவே வாயிற்பகுதிக் கணினிக்குக் கம்பிவழி இணைப்பு சிறந்தது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. இத்தகைய வேளையில்தான் தரவை வழங்கியில் வைப்பதன் பயன் தெரியும். நடுவில் மின்சாரம் போனால், முழுமையாக முடியாத மாற்றத்தை வழங்கி மீண்டும் தொடங்கும்போது நீக்கி, முடிந்தவற்றைக் காப்பாற்றும். அக்செஸ் கோப்பு கெட்டாலும் அது படிவங்களின் நகல் மட்டுமே. வேறொரு கணினியிலிருந்து புதிய நகலை வைத்துக்கொள்ளலாம். வழங்கிக் கணினியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வைப்பதும், யூ.பி.எஸ். இணைப்பதும், தரவின் காப்புநகலை வேறோர் இடத்தில் பேணுவதும் தாழ்வான கடற்கரைப் பகுதிக்கு இன்றியமையாதவை.

திருத்தும் முன் செய்ய வேண்டியவை

இணைப்பை அழித்துப் புதிதாக இணைப்பது பலருக்கு முதலில் தோன்றும் தீர்வு. அட்டவணைப் பட்டியலில் இணைப்பை அழித்தால் வழங்கியின் தரவு அழியாது, அக்செஸின் குறிப்பு மட்டுமே போகும். ஆனால் இணைப்பு அட்டவணையைத் திறந்து, உள்ளே உள்ள பதிவுகளை அழித்தால் அவை வழங்கியிலிருந்தே போய்விடும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே இவ்வமைப்பில் நேரக்கூடிய மிகப்பெரிய தவறு.

ஆகவே எந்தத் திருத்தத்துக்கும் முன் வழங்கியின் காப்புநகலை எடுத்து, அது மீட்கத் தக்கதா என்று பார்க்க வேண்டும். அக்செஸ் கோப்பின் நகல் ஒன்றில் திருத்தத்தைச் சோதித்த பிறகே மற்றக் கணினிகளுக்குத் தர வேண்டும். கடவுச்சொல்லை இணைப்போடு சேர்த்துச் சேமித்தால் அது கோப்புக்குள் எவரும் படிக்கக்கூடிய எழுத்தாகவே இருக்கும். விண்டோஸ் பயனர் கணக்கின் வழியே உள்நுழையும் முறை அதைவிடப் பாதுகாப்பானது. எந்தப் பிழை எண் வந்தது, எந்த மாற்றத்தால் சரியானது என்பதைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அதே பழுது மீண்டும் வரும்போது வாயிலில் லாரிகள் காத்திருக்கும் நேரம் குறையும்.